பட்டை இறுகினால்தான் பிடி

பிர்ச் மரப் பட்டையைத் துண்டு துண்டாக அடுக்கி ஒட்டி, கடைந்து தூண்டில் பிடி செய்வது பற்றிக் கேள்விகள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

அண்ணே, பினாங்கில் பிர்ச் பட்டை எங்கே கிடைக்கும்? புக்கிட் மெர்த்தாஜாமில் மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கிவிட்டேன்.

கிடைக்காது தம்பி, அலையாதீர்கள். பிர்ச் குளிர்நாட்டு மரம். பின்லாந்து, சுவீடன், ரஷ்யா, கனடா, அமெரிக்காவின் வடபகுதி என்று அந்தப் பக்கம்தான் காடாக நிற்கும். இங்கே மரக்கடையில் பிர்ச் பிளைவுட் இருக்கும், ஆனால் அது மரம், பட்டை இல்லை.

கத்திப் பிடி செய்பவர்களுக்காகப் பட்டையை இணையத்தில் விற்கிறார்கள். தாளாகவும் வரும், சதுரமாக வெட்டியும் வரும். ஆனால் இது மரத்திலிருந்து உரித்த பொருள். எனவே ஆர்டர் போடும் முன் பர்மிட் வேண்டுமா என்று மாக்கிஸில், அதாவது இறக்குமதிப் பொருளைச் சோதிக்கும் மலேசிய அரசுத் துறையில், கேட்டுவிடுங்கள். பார்சல் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

விற்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, எப்போது உரித்தது? ஜூன், ஜூலையில் மரத்தில் சாறு ஓடும்போது பட்டை தானாகக் கழன்று வரும். மற்ற மாதங்களில் நெம்பி எடுத்தால் கிழிசல்தான் மிஞ்சும். இரண்டாவது, நிற்கும் மரமா, வெட்டிய மரமா? வெளிப்பட்டையை மட்டும் பக்குவமாக எடுத்தால் மரம் பிழைக்கும். உள்பட்டையையும் சுற்றி அறுத்துவிட்டால் மரம் செத்துவிடும். வெட்டிய மரத்துப் பட்டை என்றால் அந்தக் கவலையே இல்லை. பட்டை கைக்கு வந்ததும் லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்தால் நல்ல பட்டை. சடக்கென்று முறிந்தால் காய்ந்து போனது, அதை லேத்தில் ஏற்றினால் சிதறும்.

லிட்டில் இந்தியா பூஜைக் கடையில் பூர்ஜ பத்திரம் விற்கிறார்கள். அதுவும் பிர்ச் பட்டைதானே, வாங்கிப் பயன்படுத்தலாமா?

நல்ல கேள்வி, நானே எதிர்பார்க்கவில்லை. ஆமாம், அதுவும் பிர்ச்தான். இமயமலையில் வளரும் வகை. காஷ்மீர்ப் பக்கம் அந்தக் காலத்தில் ஏடு எழுதியதும் அதில்தான். கணித வரலாற்றில் பேசப்படும் பக்‌ஷாலி ஏடுகள் பூர்ஜ பட்டையில் எழுதப்பட்டவை.

ஆனால் பிடிக்கு அது வேண்டாம். தகட்டுக்குத் தகடு பிரிந்து வரும் என்பதால்தான் அதில் எழுத முடிந்தது. நமக்கு வேண்டியதோ பிரியாத பட்டை. அந்த மெல்லிய தாளை அடுக்கி ஏழு அங்குலம் சேர்ப்பதற்குள் கடையே காலியாகிவிடும். அப்புறம், இமயத்தில் அந்த மரம் ஏற்கெனவே அருகிப்போய்விட்டது. கங்கோத்ரியிலிருந்து கோமுகம் போகும் வழியில் போஜ்பாசா என்று ஓர் இடம் இருக்கிறது. பூர்ஜக் காட்டினால் வந்த பெயர், இன்று பெயருக்குத்தான் காடு. யந்திரம் எழுத ஒரு துண்டு வாங்குபவர் வாங்கட்டும், தூண்டிலுக்காக நாமும் போய் நிற்க வேண்டாம்.

ஏழு அங்குலப் பிடிக்கு எத்தனை துண்டு வேண்டும்? எப்படி ஒட்டுவது? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் ஐயா.

ஏழு அங்குலம் என்றால் ஏறக்குறைய 178 மில்லிமீட்டர். பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம் என்றால் கணக்குப்படி 120 துண்டு. ஆனால் இறுக்கும்போது பட்டை அமுங்கும், தேய்க்கும்போது கொஞ்சம் போகும், சில துண்டில் ஓட்டை இருக்கும். 150 வெட்டி வையுங்கள். முடித்த பிடி 26 மில்லிமீட்டர் குறுக்களவு என்றால் சதுரம் 38 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் தாளில் கணக்கு சரியாக வரும், ஆனால் கணுவும் வெடிப்பும் கழிந்துவிடும் என்பதால் இரண்டு தாள் கையில் இருக்கட்டும்.

முதலில் வெளியே தொங்கும் வெள்ளைத் தாள் படலத்தை உரித்துவிடுங்கள். அது ஒட்டாது. உள்பக்கம் நார் நாராகப் பழுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் சுரண்டுங்கள். இது உள்பட்டை, தண்ணீரை உறிஞ்சும். பின்னால் வரும் பாதித் தொல்லை இதனால்தான். சுருண்ட தாளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு பலகைக்கு நடுவே பாரம் வைத்து நன்றாகக் காயவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஒரே ராத்திரியில் காயும் என்று நம்பாதீர்கள்.

பிர்ச் பட்டைக்கு மெழுகுத் தன்மை உண்டு, அதனால்தான் அதில் தண்ணீர் ஏறுவதில்லை. அதே காரணத்தால் பசையும் ஏறாது. ஒவ்வொரு துண்டின் இரண்டு முகத்தையும் 80 நம்பர் உப்புத்தாளில் ஓர் இழுப்பு இழுத்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். 150 துண்டு, 300 முகம். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை.

நடுவில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, அதே அளவு மரைக் கம்பியில் கோத்துக்கொள்ளுங்கள். கம்பியில் முதலில் மெழுகுவத்தியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பியும் பிடியும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு துண்டையும் முந்தையதற்குக் கால் சுற்று திருப்பி வையுங்கள். பட்டை ஒரே திசையில்தான் சுருள நினைக்கும். மாற்றி மாற்றி வைத்தால் ஒன்றின் இழுப்பை அடுத்தது தடுக்கும்.

ஒட்டுவதற்கு எபாக்ஸி, அதாவது இரண்டு பகுதியைக் கலந்து பூசும் பசை. அது மெதுவாக இறுகும் ரகமாக இருக்கட்டும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் குளிர்நாட்டுக் கணக்கு. நம் பட்டறையில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும், சீக்கிரமே கெட்டியாகிவிடும். அதனால் ஒரே தடவையில் நிறையக் கலக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூசுங்கள். இரண்டு முனையிலும் கனமான பிளைவுட் தகடு, வாஷர், நட் போட்டு இறுக்குங்கள். பசை பிதுங்கி வரும், வரட்டும். கால் மணி நேரம் கழித்து நட்டைத் தொட்டுப் பாருங்கள், மறுபடி சுற்றும். அப்புறம் இன்னொரு தடவை, அப்புறம் இன்னொன்று. பட்டை உடனே முழுசாக அமுங்குவதில்லை. நட் நகர மறுக்கும்வரை வந்து வந்து இறுக்கிவிட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள்.

லேத்தில் ஏற்றும் முன் சதுரத்தின் நான்கு மூலையையும் ரம்பத்தால் வெட்டி எட்டுப் பட்டமாக்கிவிடுங்கள். நேராக உளியை வைத்தால் மூலை மூலையாகப் பிய்ந்து வரும். முகமூடி போடுங்கள், தூசு பொல்லாதது. பட்டையின் மெழுகு ஏறி உப்புத்தாள் அடிக்கடி அடைத்துக்கொள்ளும், அதையும் நிறைய வாங்கி வையுங்கள். 400 நம்பருக்கு வரும்போது இளமஞ்சளும் காப்பி நிறமுமாக வரி வரியாகத் தெரியும் பாருங்கள், அப்போது பட்ட பாடெல்லாம் மறந்துவிடும்.

லேத் இல்லாவிட்டால்?

கையில் பிடிக்கும் மின் துரப்பணத்தை (டிரில்) மேசையில் கிளாம்ப் போட்டு, கம்பியின் ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையைத் துளை போட்ட மரக்கட்டையில் தாங்கவிட்டுச் சுற்றுங்கள். உளி வேண்டாம், அரமும் உப்புத்தாளும் போதும். மெதுவாகத்தான் நடக்கும்.

செய்த பிடியில் ஒரு மாதத்தில் வளையம் வளையமாக இடைவெளி தெரிகிறது. பத்து மாவுங் ஜெட்டியில் வாரம் இரண்டு தடவை பயன்படுத்துகிறேன். பட்டை தண்ணீர் ஏறாது என்றீர்களே?

பட்டையில் ஏறாது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஏறும். பெரும்பாலும் நட்டை ஒரே தடவை இறுக்கிவிட்டு மறந்திருப்பீர்கள், அல்லது முகத்தை உரசாமல் ஒட்டியிருப்பீர்கள். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்தவர்கள் பலர், பிடியின் இரண்டு முனையையும் உள்துளையையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். உப்புத் தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். பக்கவாட்டுக்குப் பூச்சு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முனைக்கு எபாக்ஸி கட்டாயம்.

இடைவெளி மயிரிழை அளவு என்றால் தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூவை விளிம்பில் ஒரு சொட்டு விடுங்கள், தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் தேய்த்துவிடலாம். நகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தால் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்வதுதான் சரி. எதுவானாலும் தூண்டில் ராடை வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

நல்லெண்ணெய் தடவினால் பளபளப்பு வருமா?

வரும், கூடவே பிசுபிசுப்பும் வரும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் முழுசாகக் காய்ந்து இறுகாத எண்ணெய். தூசியையும் பூஞ்சணத்தையும் கூப்பிட்டு உட்காரவைக்கும். காய்ந்து இறுகும் எண்ணெய்தான் வேண்டும்: டங் ஆயில், அல்லது மரவேலைக்கென்று விற்கும் ஆளிவிதை எண்ணெய். மெல்லிசாக ஒரு கை, ஒரு நாள் காயவிட்டு மறுபடி ஒரு கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், கதை இல்லை. விரித்துக் காயவிட்டு, அல்லது தண்ணீரில் நனைத்த பிறகு எறியுங்கள்.

கெட்டியான வார்னிஷ் எனக்குப் பிடிக்காது. இறால் உரித்த ஈரக் கையிலும் வழுக்காது என்பதுதான் இந்தப் பட்டையின் சிறப்பே. அதன்மேல் கண்ணாடி மாதிரி பூசிவிட்டால் பிளாஸ்டிக் பிடியே வாங்கியிருக்கலாம்.

இறக்குமதி எதற்கு? பினாங்கிலேயே பாக்கு மட்டை இருக்கிறதே, அதை அடுக்கிச் செய்ய முடியாதா?

ஆசை நியாயமானது. ஆனால் பாக்கு மட்டை சார் குவே தியாவ் நூடுல்ஸைத் தாங்கும், மீன்பிடியைத் தாங்காது. தண்ணீரை உறிஞ்சும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கெலாம் மரப் பட்டையைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். மலாய் மீனவர்கள் படகுப் பலகை இடுக்கில் திணித்து அடைத்த பட்டை அது. அந்த வேலைக்கு அது மெத்தென்று இருப்பது நல்லது, பிடிக்கு அதே குணம் கெடுதல். இந்த ஊர்ப் பொருளில்தான் செய்வேன் என்றால் பிரம்பு சுற்றிய பிடி செய்யுங்கள். அழகும் உண்டு, உப்புக் காற்றையும் தாங்கும்.

தெமெங்கோர் ஏரியில் தோமான் மீன் பிடிக்கும் ராடுக்கு இது சரிவருமா? சின்ன ராடுக்கு?

தோமான் ராடுக்கு நன்றாகவே சரிவரும். கார்க்கைவிட இரண்டு மூன்று மடங்கு கனம், ஆனால் அது கையருகே இருப்பதால் நுனி பாரம் குறைந்ததுபோல் தோன்றும். ஐந்தடி அல்ட்ராலைட்டுக்கு வேண்டாம், முழுப் பிடியையும் பட்டையில் செய்தால் ராடின் சுகமே போய்விடும். கார்க் பிடியில் மேலும் கீழும் அரை அங்குலம் பட்டை வளையம் வைத்துக்கொள்ளலாம்.

பிடி தயார், ஆனால் பிளாங்கில் (ராடின் வெறும் தண்டில்) பாதியில் சிக்கி நிற்கிறது. தட்டி இறக்கலாமா?

தட்டாதீர்கள், பிளாங்க் பிளந்துவிடும். வந்த வழியே வெளியே எடுத்து, வட்ட அரத்தால் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். நுனிப் பக்கமிருந்து நுழைத்து அடி நோக்கி இறக்க வேண்டும், தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். விரல் பலத்தில் இறங்கி, கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும் லேசாக மறுக்கிறதா? அளவு சரி, எபாக்ஸி தடவுங்கள்.