படுக்கைப்புண்ணும் அண்ணனின் பணமும்

சகோதரிக்கு வணக்கம். பக்கவாதத்தால் எட்டு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருப்பதையும், சென்னையில் இருக்கும் அண்ணன் "பணம்தான் அனுப்புகிறேனே" என்பதோடு நிறுத்திக்கொள்வதையும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தச் சிவப்பைக் கவனியுங்கள். விரலால் மெல்ல அழுத்தி எடுக்கும்போது அந்த இடம் வெளுக்காமல் அப்படியே இருந்தாலோ, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தாலோ, அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அங்கே தேய்க்கவே கூடாது. என் மாமியாருக்கு விவரம் தெரியாமல் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டு நான் பட்ட வேதனை இன்னும் மறக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே ஒன்றும் வையுங்கள். காற்றுப் படுக்கை வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது. தோல் உரிந்தாலோ நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் அளிக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

அண்ணனிடம் இனிப் பணத்தைப் பற்றிப் பேசாமல் நாட்களைக் கேளுங்கள். பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே விதித்திருக்கிறது. மாதத்தில் நான்கு இரவுகள் அவர் வந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கட்டும். அந்த நான்கு இரவுகளாவது நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.