தோப்பில் நின்ற டாடா 206: வேறு இன்ஜின் வாங்குவதற்கு முன்

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா 1993-ல் வாங்கிய டாடா மொபைல் 206 பிக்கப், பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஒன்பது வருடமாக நிற்கிறது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் ஞாபகமாக அதை ஓட வைத்து, தேங்காய் ஏற்ற வைத்துக்கொள்ள ஆசை. இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது என்கிறார் மெக்கானிக். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வண்டி உதிரிபாகக் கடைகளிலிருந்து நல்ல சுமோ இன்ஜின் 60,000 ரூபாய்க்கு இறக்கி, எஃப்சியும் (வண்டி ஓடத் தகுதி என்ற சான்று) முடித்துத் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் 20,000 முன்பணம் கேட்கிறார். இன்னொருவர், 15 வருடம் தாண்டினால் சட்டப்படி உடைத்தே ஆக வேண்டும், 35,000 தருகிறேன், ஆர்சி புத்தகத்தோடு கொடுங்கள் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். முன்பணமும் கொடுக்காதீர்கள், ஆர்சி புத்தகத்தையும் கையை விட்டு விடாதீர்கள்.

இரண்டாவது ஆள் சொன்னதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதில் பயந்துதான் நிறையப் பேர் நல்ல வண்டியை இழக்கிறார்கள். பதினைந்து வருடம் ஆனதும் கட்டாயமாக உடைக்க வேண்டும் என்பது அரசு வண்டிகளுக்கு, அதுவும் 2023 ஏப்ரல் முதல். தில்லி வட்டாரத்தில் 10 வருட டீசல் வண்டிக்கு வந்த தடை தில்லி வட்டாரத்துக்கானது, அதற்கும் பொள்ளாச்சிக்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் வண்டி எஃப்சியில் தேறினால் ஓடலாம். அந்த ஆள் 'ஆர்சி புத்தகத்தோடு' என்று கேட்டாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. துருப்பிடித்த வண்டியின் இரும்புக்கு ஒரு விலை, அதன் எண்ணுக்கு வேறு விலை. உங்கள் அப்பா பெயரில் உள்ள சேஸிஸ் எண்ணும் புத்தகமும் நாளைக்கு ஒரு திருட்டு வண்டிக்குப் போனால், போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். எப்போதாவது உடைக்கத்தான் வேண்டும் என்றாலும், பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் நிலையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்டிஓவில் பதிவை ரத்து செய்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.

சரி, இப்போது இன்ஜின்.

உங்கள் 206-ம் அந்தக் காலத்துச் சுமோவும் ஒரே வம்சம். 1988-ல் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) இந்த பிக்கப்பைக் கொண்டு வந்தது, அதே அடித்தளத்திலிருந்துதான் 1991-ல் சியரா, 1992-ல் எஸ்டேட், 1994-ல் சுமோ எல்லாம் வந்தன. 1948 சிசி டீசல் இன்ஜின் இவற்றுக்குப் பொது. அதனால் புரோக்கர் 'சுமோ இன்ஜின் உட்காரும்' என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் எந்தச் சுமோ என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். பிற்பாடு சுமோவில் டர்போ வந்தது, 3 லிட்டரும் வந்தது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே என்று 207 டிஐ இன்ஜினையும் சிலர் காட்டுவார்கள், அதுவும் 3 லிட்டர், வேறு இன்ஜின். காயலான் கடையில் எல்லாமே எண்ணெய் படிந்து கறுப்பாகத்தான் இருக்கும், வாங்கி வந்து தூக்கி வைக்கும்போதுதான் மவுண்டிங் ஒட்டாது, அதற்குள் முன்பணம் போன இடம் தெரியாது.

அதைவிடப் பெரிய கேள்வி, உங்கள் இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா என்பது. ஒன்பது வருடம் நின்ற வண்டி சாவியைத் திருப்பியதும் அசையவில்லை என்றால் அதற்கு ஜாம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பேட்டரி செத்திருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டார் உள்ளே துருப்பிடித்திருக்கலாம், ஆல்டர்னேட்டரோ வாட்டர் பம்போ இறுகி பெல்ட் வழியாக இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இன்ஜின் இறுகியிருந்தாலும், பெரும்பாலும் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

மெக்கானிக்கிடம் இதை மட்டும் செய்யச் சொல்லுங்கள், உங்களுக்கு நுணுக்கம் தெரிய வேண்டியதில்லை, பக்கத்தில் நின்றால் போதும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும், தோப்பில் நின்ற வண்டி என்பதால் எலி கூடு கட்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெல்ட்டைக் கழற்ற வேண்டும். டீசல் தெளிக்கும் நான்கு நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒரு சின்ன டம்ளர் அளவு ஊற்றி, மூன்று நாள் அப்படியே விட வேண்டும். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனர் போட்டு, கையால், மெதுவாக, முன்னும் பின்னும் ஒரு விரற்கடை அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. அசையாவிட்டால் மறுபடி ஊற்றி இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். முழுச் சுற்று தடையில்லாமல் வந்த பிறகுதான் ஸ்டார்ட்டர். பழைய இன்ஜின் ஆயிலையும் அதற்கு முன்பே வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

கயிறு கட்டி டிராக்டரில் இழுத்து, கியரில் விட்டு 'எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது மழைக்காலத்தில் ஒரு சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருந்தால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிழைத்திருக்கக்கூடிய இன்ஜின்கள் இப்படி இழுத்தே செத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

அசையவே இல்லை, பிரித்துப் பார்த்தாலும் மோசம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முழு இன்ஜின் வாங்க வேண்டியதில்லை. ஆர்சியில் எழுதியிருக்கும் இன்ஜின் எண் உங்கள் பிளாக்கில் அடித்திருக்கிறது. அந்த பிளாக்கைக் காப்பாற்றினால் உங்கள் காகிதம் அப்படியே செல்லும். உள்ளே போடுகிற ஹெட், கிராங்க், கேம் ஷாஃப்ட் எல்லாம் உடைத்த சுமோவிலிருந்து வரலாம், அதற்கு யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை. சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் சிலிண்டர் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து அளவு கூடிய பிஸ்டன் போடலாம், இல்லை உள்ளே ஸ்லீவ் என்கிற புதுக் குழாய் போடலாம். கோயம்புத்தூர் உங்களுக்கு ஒரு மணி நேரம், இந்த வேலைக்கு அங்கே கிடைக்கிற கைகள் வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது. அங்கே போகாமல் சென்னையிலிருந்து, ஓட்டிப் பார்க்க முடியாத ஓர் இன்ஜினை 60,000 கொடுத்து இறக்குவது எனக்குப் புரியவில்லை.

ஒரே ஒரு நிலையில் மட்டும் வேறு இன்ஜின் தேவைப்படும்: பிளாக்கே வெடித்திருந்தால், அல்லது ராடு உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நீங்கள் வாங்கும் இன்ஜின் அதே வகை, அதே டீசல், டர்போ இல்லாததாக இருக்க வேண்டும். அதன் எண்ணை நீங்களே பார்க்க வேண்டும், போட்டோவில் பார்த்தது கணக்கில்லை. டீசல் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். எண்ணைச் சுற்றியுள்ள வார்ப்பு இரும்பு மற்ற இடம் போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும், அந்த இடம் மட்டும் வழவழப்பாக, கிரைண்டர் கோடு தெரிகிற மாதிரி இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இன்ஜின் எந்த வண்டியில் இருந்ததோ அதன் ஆர்சி நகல், அந்த வண்டியின் பதிவு ரத்தானதற்கான காகிதம், இன்ஜின் எண் எழுதிய கடை பில், மூன்றும் வேண்டும். 'பில் அப்புறம் தருகிறேன்' என்றால் வாங்காதீர்கள். மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் புது எண்ணை ஏற்றுங்கள், இன்சூரன்ஸிலும் ஏற்றுங்கள். புரோக்கர் 'உங்கள் பழைய எண்ணையே இதில் அடித்துத் தருகிறேன்' என்பார். அது குற்றம். விபத்து நடந்து, எண்ணைத் தேய்த்துப் பார்த்தால், இன்சூரன்ஸும் போகும், வழக்கும் வரும்.

இன்ஜின் விவகாரம் முடிவதற்குள் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். சேஸிஸ் சட்டத்தை முழு நீளமும் தட்டிக்கொண்டே வாருங்கள், குறிப்பாகப் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், லோடு பாடி உட்காரும் இடம். டங் டங் என்று கேட்டால் நல்லது. சத்தம் அமுங்கி, செதில் செதிலாகக் கொட்டினால், ஒரு கை அகலத்துக்கு இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். சேஸிஸ் எண் அடித்த இடமே அரித்துப் போயிருந்தால், வருத்தமான விஷயம்தான், இன்ஜினுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவழிக்க வேண்டாம். முதலில் பெயின்ட் அடித்து, சீட் தைத்து, கடைசியில் சேஸிஸைப் பார்த்து உட்கார்ந்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

பழைய கடையில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் என் கணக்கு எளிது. கதவு, டெயில் கேட், கண்ணாடி, ரிம், பிராப்பெல்லர் ஷாஃப்ட், கியர் பாக்ஸ், ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார் எல்லாம் தாராளமாக வாங்குங்கள், சென்னைப் புதுப்பேட்டை வரை போக வேண்டாம், கோயம்புத்தூர் உக்கடத்தில் முதலில் தேடுங்கள். கியர் பாக்ஸ் வாங்கினால் எல்லாக் கியரையும் கையால் போட்டுச் சுற்றி, ஆயிலை உள்ளங்கையில் வடித்துப் பாருங்கள், மினுமினுக்கும் தூள் இருந்தால் வேண்டாம். பின் ஆக்ஸில் வாங்கினால் ரேஷியோ ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும்: ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், பிராப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் முன்பக்க ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. உங்கள் வண்டியிலும் அதே மாதிரி எண்ணிப் பார்த்துவிட்டுப் போங்கள். டீசல் பம்ப்பைப் பொறுத்தவரை, பம்ப் சர்வீஸ் கடையில் சோதனை பெஞ்சில் ஏற்றிப் பார்க்காமல் பழையது வாங்காதீர்கள். உங்களுடையதையே சீல் மாற்றிச் சரிசெய்வது பெரும்பாலும் மலிவு. டேங்கில் மிச்சம் இருக்கும் டீசலை ஒரு சொட்டுக் கூட பம்ப்புக்குள் விடாமல் வடித்து, டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள்.

பிரேக் ரப்பர், பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஸ்டியரிங் பால் ஜாயின்ட், பேரிங், டயர், இவை எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இதில் பேரமே கிடையாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1215 என்றால் 2015-ன் 12-வது வாரம். பட்டன் ஆழமாகத் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள், தேய்ந்த டயரில் கத்தி வைத்துப் புதுக் கோடு வெட்டி விற்கிறார்கள். அந்த டயரோடு நீங்கள் தேங்காய் ஏற்றி ஆழியாறு ரோட்டில் இறங்குவதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

எஃப்சியைச் சேர்த்து 'பேக்கேஜ்' பேசுகிறாரே புரோக்கர், அதில் நடப்பது என்ன தெரியுமா? எஃப்சி நாளுக்கு மட்டும் நல்ல டயர் வாடகைக்கு மாட்டி, முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். உங்களிடம் ஒரு சான்றிதழ் இருக்கும், பிரேக் இருக்காது.

இனி காகிதம். மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பும் அதே வாரத்தில் இதையும் தொடங்குங்கள், ஏனென்றால் இதுதான் அதிக நாள் இழுக்கும். அப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். ஆர்சியில் பழைய ஃபைனான்ஸ் பதிவு இருக்கிறதா பாருங்கள், கடன் கட்டி 25 வருடம் ஆகியிருந்தாலும் பதிவு நீங்கியிருக்காது, அதற்குப் படிவம் 35-ம் ஃபைனான்ஸ்காரரின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். கையெழுத்தில் எழுதிய பழைய புத்தகம் என்றால் 'வாகன்' என்ற அரசு வண்டிப் பதிவுக் கணினியில் உங்கள் வண்டியே இல்லாமல் இருக்கலாம், அதை ஏற்ற வேண்டும் என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆர்டிஓ ஆபீஸ்காரர்களே எழுதி, அவர்களே முத்திரை குத்திக் கொடுத்த புத்தகம். அதைக் கணினியில் ஏற்றாதது அவர்கள் விட்ட வேலை. ஆனால் வேலையை விட்டுவிட்டு நாலு தடவை அலைவது தோப்புக்காரர். சொந்த வண்டி இருக்கிறது என்று நிரூபிக்கவே ஒருவருக்கு ஆறு மாதம் ஆகிறது என்றால், அவர் புரோக்கரிடம் போகாமல் என்ன செய்வார்? இதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். புரோக்கரை வளர்ப்பது இந்த அலைச்சல்தான்.

ஒன்பது வருட வரி, பசுமை வரி, எஃப்சி தாமதக் கட்டணம் எவ்வளவு நிற்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2022 ஏப்ரலில் பழைய வண்டிக்கான எஃப்சி கட்டணத்தை நன்றாகவே ஏற்றினார்கள், இனி ஒவ்வொரு வருடமும் எஃப்சி எடுக்க வேண்டும். 'வின்டேஜ்' என்று பதிந்தால் தப்பலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு வண்டிக்கு 50 வயது ஆக வேண்டும், வியாபார வண்டியாகவும் இருக்கக்கூடாது, உங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பாக்கித் தொகை கையில் வந்த பிறகு, சேஸிஸில் தட்டிக் கேட்ட சத்தத்தையும் இன்ஜின் கையால் சுற்றியதா என்பதையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்றில் சேஸிஸ் தோற்றால் மட்டும் வண்டியை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் வழி இருக்கிறது, இன்ஜின் சுற்றவில்லை என்றால் பிளாக்கின் போட்டோவையும், ஆர்சியின் முதல் பக்கத்தில் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு அதன் போட்டோவையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.