சத்தமில்லாத கார்டு எது அண்ணே?

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்குப் பள்ளத்தூர். சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த பிளேஸ்டேஷன் 2-ல லென்ஸ் போயிருச்சு. டிஸ்க்கெல்லாம் கீறலில்லாம இருக்கு. ஆபீஸ்ல கழிச்ச டவர் கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கியிருக்கேன். ஐ5-6500, 8 ஜிபி ராம், 240 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கிற பெட்டி). கம்ப்யூட்டரையே பிளேஸ்டேஷன் 2 மாதிரி ஓட வைக்கிற பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் போட்டு விளையாட ஆசை. கம்ப்யூட்டர் இருக்கிறது பட்டாலையில, அங்கதான் அப்பத்தா படுத்திருப்பாக. லேசாச் சத்தம் கேட்டாலும் எந்திரிச்சிருவாக. ஃபேனே இல்லாத கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா? பட்ஜெட் பத்தாயிரம்.

பதில்: வாங்காதீர்கள் தம்பி. நம்ம ஊர் வெயிலுக்கு அது தோதுப்படாது.

சில வருடங்களுக்கு முன் ஃபேன் இல்லாத ஜிடி 1030 ஒன்றை ஆசையாக வாங்கி, வீட்டுத் தேக்கு அலமாரிக்குள் இருந்த கம்ப்யூட்டரில் மாட்டினேன். மார்கழி, தை எல்லாம் மூச்சே கேட்கவில்லை. சித்திரை பிறந்து அக்னி நட்சத்திரமும் வந்தது. விளையாட ஆரம்பித்து அரைமணி நேரத்தில் பாட்டு இழுக்கும், ஆட்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடப்பார்கள். சூடு தாங்காமல் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. எமுலேட்டரில் கார்டு திணறினால் படம் மட்டுமல்ல, சத்தமும் சேர்ந்து இழுபடும். அறை 28 டிகிரியில் இருக்கும்போது சரியாக ஓடுகிற கார்டு, அறை 38 ஆனால் அதே வேலைக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். ஃபேன் இல்லாத கார்டுக்குப் பெட்டிக்குள் காற்றோட்டம் வேண்டும். அதற்கு வேறொரு ஃபேன் வைத்தால், வாங்கிய நோக்கமே போயிற்று.

உங்களுக்கு வேண்டியது, பெரிய அலுமினியக் கட்டியும் பெரிய ஃபேனும் உள்ள, வேலைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலமுள்ள கார்டு. சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றணும். அந்தக் கீச்சுச் சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். பெரிய ஃபேன் மெல்லச் சுற்றினாலே போதும். உங்களுடையது டவர் கேபினெட் என்பது அதிர்ஷ்டம், முழு உயரக் கார்டு நுழையும்.

என் தேர்வு ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி, இரண்டு ஃபேன் வைத்தது. 2019-ல் வந்த கார்டு, 75 வாட். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் கொடுக்கும் என்பதால், தனி பவர் பின் இல்லாத மாடலாகப் பார்த்து வாங்கினால் உங்கள் 240 வாட்டுக்குள் அடங்கிவிடும். பின் கேட்கிற 1650-களும் உண்டு. ஆபீஸ் எஸ்எம்பிஎஸ்களில் பெரும்பாலும் அந்த வயரே இருக்காது. உங்கள் பணத்துக்கு செகண்ட் ஹேண்டில்தான் தேடவேண்டும். ஆர்எக்ஸ் 6400-ஐச் சிலர் சொல்வார்கள். அது 53 வாட்தான், ஆனால் நான்கே லேனில், அதாவது ஸ்லாட்டின் நான்கே தரவுப் பாதைகளில், ஓடுகிற கார்டு. உங்கள் பழைய போர்டு மூன்றாம் தலைமுறை ஸ்லாட் என்பதால் அதன் வேகம் கொஞ்சம் குறையும்.

ஜிடி 1030-ல் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு கார்டு. 2017-ல் வந்தது ஜிடிடிஆர்5, நொடிக்கு 48 ஜிபி நினைவக வேகம். அடுத்த ஆண்டு வந்த டிடிஆர்4 கார்டில் அது 16.8 ஜிபிதான். வாங்கித்தான் ஆகணும் என்றால் அட்டைப்பெட்டியில் அந்த 'ஜி' எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

இனி சத்தத்துக்கான உண்மையான திருகு. அது எமுலேட்டருக்குள்ளேயே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகள் பலவும் 640-க்கு 448 அளவில் வரைபவை. அதை 3 மடங்கு ஆக்கினால் 1920-க்கு 1344. உங்கள் 1080 மானிட்டருக்கு அது தாராளம். மடங்கு என்பது நீளத்திலும் உயரத்திலும் கூடுகிறது. 3 மடங்கு என்றால் 9 பங்கு வேலை, 6 மடங்கு என்றால் 36 பங்கு. 6-ல் வைத்துவிட்டு ஃபேன் அலறுகிறது என்று கடைக்குத் தூக்கி வருபவர்கள் நிறையப் பேர். 3-க்கு இறக்கிக் கொடுப்பேன், கார்டு அடங்கிவிடும். வேகக் கட்டுப்பாட்டையும் அணைக்காதீர்கள். நொடிக்கு 60 படம் போதும் என்று நிற்கிற கார்டுதான் அமைதியாக இருக்கும். அதன் பிறகும் சத்தம் இருந்தால் கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டு பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறையுங்கள். இந்த விளையாட்டுகளில் வித்தியாசமே தெரியாது.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கடையிலேயே இருபது நிமிடம் ஓடவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டும் பாருங்கள். பெயர் மாற்றிய பழைய கார்டுகள் சந்தையில் உலவுகின்றன, அது பலவற்றைப் போலி என்றே காட்டிக்கொடுக்கும். ஃபேன் கரகரத்தால் உடனே ஒதுக்க வேண்டாம். போன வாரம் வந்த ஒன்றில் இறக்கைகளின் ஓரமெல்லாம் நம்ம செம்மண் தூசி பிசுபிசுப்போடு அப்பியிருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டியெடுத்து, நடுவிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் பாதி உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். விரலால் சுண்டினால் முதலில் இரண்டு சுற்றில் நின்ற ஃபேன், பிறகு சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒன்று மறந்துவிடக் கூடாது. ஆத்தங்குடிக் கல் தரையும் உயரமான கூரையும் சின்ன முனகலையும் பெரிதாக்கும். கேபினெட்டை வெறும் தரையில் வைக்காமல், மடித்த ஜமுக்காளத்தின் மேல் ஒரு பலகை போட்டு வையுங்கள். அடியில் காற்றுத் துளை இருந்தால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குகளை கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவே படிக்கும். ஐஎஸ்ஓ-வாக, அதாவது டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலாக, மாற்றிக்கொண்டால் டிரைவ் சுற்றுகிற சத்தமும் மிச்சம். எமுலேட்டர் கேட்கும் பயாஸை (பிளேஸ்டேஷனைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) உங்கள் பழைய பெட்டியிலிருந்தே எடுங்கள்.

கேள்வி: இதே மாதிரிக் கம்ப்யூட்டர்தான் என்னிடமும். பெரிய கார்டு போட்டால் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டும் ஓடுமா? — தேவகோட்டை வாசகி

பதில்: சரியாக ஓடாது அம்மா. பிளேஸ்டேஷன் 3-ன் செல் பிராசஸரில் ஒரு முதன்மைக் கோரும், விளையாட்டுகளுக்கென்று ஆறு துணைக் கோரும் உண்டு. அத்தனையையும் ஆர்பிசிஎஸ்3 என்ற பிளேஸ்டேஷன் 3 எமுலேட்டர் உங்கள் பிராசஸரின் தலையில்தான் ஏற்றும். நான்கு கோர் ஐ5 பெரும்பாலான விளையாட்டுகளில் மூச்சு வாங்கும். கார்டுக்குக் கொடுக்கிற காசு அங்கே வீண். பிளேஸ்டேஷன் 1 மட்டும் போதுமென்றால் கார்டே வேண்டாம், போர்டிலேயே இருக்கிற கிராபிக்ஸ் தாங்கும்.