ஏர்சாஃப்ட் பிபி ஏன் பாதி வழியிலயே விழுது? வந்த கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை வந்ததுல முக்கால்வாசி ரேஞ்ச் பத்தின கேள்விதான், அதாவது ஏர்சாஃப்ட் விளையாட்டு கன்ல போடுற சின்ன பிளாஸ்டிக் உருண்டை, பிபி, எவ்வளவு தூரம் போகும்ங்கிறது. பிபி வெயிட் என்ன, எத்தனை ஜூல் (கிளம்புறப்ப இருக்கிற எனர்ஜி), என்ன பக்கிங் (பிபிய சுழல வைக்கிற ரப்பர் உறை), இந்த மூணையும் எழுதுங்கன்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு, இன்னமும் "கன் தூரம் போகல, என்ன செய்ய"ன்னு ஒத்த வரி அனுப்புறீங்க. அதுக்கெல்லாம் பதில் போடல.

கே: 0.20 கிராம் போட்டா 330 எஃப்பிஎஸ் (நொடிக்கு 330 அடி), 0.30 போட்டா 270தான் காட்டுது. அப்ப வெயிட் கூடினா ரேஞ்ச் குறையும்தானே?

ப: இல்ல. குரோனோ, அதாவது வேகம் அளக்குற கருவி, காட்டுறது பேரல் வாசல்ல இருக்கிற வேகம், அதுக்கப்புறம் நடக்குறது அதுக்குத் தெரியாது. ரெண்டுமே ஏறக்குறைய 1 ஜூல்தான். 0.20 கிராம் பிபி நொடிக்கு 100 மீட்டர் வேகத்துல கிளம்புறப்ப அதை காத்து பின்னால இழுக்குற விசை அந்த பிபியோட சொந்த எடைய மாதிரி 40 மடங்கு, அதனால 17 மீட்டர் தாண்டுறதுக்குள்ள வேகம் பாதியாயிடும், அடுத்த 17ல அதுலயும் பாதி. 0.40 கிராமுக்கு வேகம் பாதியாக 35 மீட்டர் ஆகும். அதே 1 ஜூல்ல அது 70 மீட்டர் வேகத்துலதான் கிளம்பும், ஆனா 40 மீட்டர்ல இருக்கிற டார்கெட்டுக்கு 0.20க்கு முன்னாடி அதுதான் போய்ச் சேரும். பக்கவாட்டு காத்துல தள்ளிப்போறதும் கிட்டத்தட்ட பாதிதான்.

கே: கோல்ஃப் பந்து மாதிரி குழி போட்ட பிபி இருந்தா இன்னும் தூரம் போகாதா?

ப: போகாது. கோல்ஃப் பந்து 43 மில்லிமீட்டர், நம்ம பிபி 6. இவ்வளவு சின்ன சைஸ்ல, இந்த வேகத்துல ரெனால்ட்ஸ் நம்பர் (சைஸையும் வேகத்தையும் வச்சு, காத்து எப்படி சுத்தி ஓடும்னு சொல்ற எண்) 40,000 வாக்குல ஆரம்பிச்சு மளமளன்னு இறங்கிடும், குழி வேலை செய்யுற எல்லைக்கு மேல அது நிக்கவே நிக்காது. போதாக்குறைக்கு பேரல்ல ஏர் சீலும் போயிடும். வழவழன்னு, தையல் கோடு தெரியாத பிபி வாங்குங்க.

கே: எம்100 ஸ்பிரிங்கை எடுத்துட்டு எம்150 போட்டா ரேஞ்ச் ஒன்றரை மடங்கு ஆகுமா?

ப: ஆகாது, ஆகாது. வாராவாரம் யாராவது ஒருத்தர் இதைக் கேக்குறாங்க, ஸ்பிரிங் மாத்தி கியர்பாக்ஸ் உடைஞ்சதுக்கு அப்புறம் மறுபடி எழுதுறாங்க, எனக்கு உண்மையிலயே கஷ்டமா இருக்கு. கணக்கைப் பாருங்க. எம்100ல நொடிக்கு 100 மீட்டர்ல கிளம்புற 0.20 பிபி எம்150ல 150ல கிளம்புது, எனர்ஜி 1 ஜூல்ல இருந்து 2.25க்கு போகுது, ஆனா காத்து அந்த கூடுதல் வேகத்தை முதல் 10 மீட்டர்லயே தின்னுடும், அதாவது உங்களுக்குக் கிடைச்சது வெறும் 10 மீட்டர். அந்த 10 மீட்டருக்காக பிஸ்டன் பல்லு தேயுது, மோட்டார் சூடாகுது, கிட்ட நிக்கிறவன் மேல ரெண்டு மடங்குக்கு மேல அடி விழுது, பல ஃபீல்டுல உள்ளயே விட மாட்டாங்க. அதே காசை நல்ல பக்கிங், காத்து கசியாம சீல் ஆகுற நாசில், கனமான பிபி இதுல போடுங்க. முதல்ல இன்னர் பேரலைத் துடைங்க, அது செலவே இல்லாத வேலை. மேட்சுக்கு முன்னாடி எந்த பிபிய போட்டு ஆடப் போறீங்களோ அதை வச்சே குரோனோ பண்ணுங்க, ஸ்பிரிங்குக்கு பதிலா வாயு தள்ளுற கேஸ் கன்ல வெயிட் கூடக் கூட ஜூலும் ஏறும். கண்ணை முழுசா மூடுற காகிள் இல்லாம பேரல் பக்கமே போகாதீங்க, இதை நான் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்.

கே: பேரல்ல ரைஃப்லிங் போடலாமா?

ப: வேணாம். ரைஃப்லிங் சுத்துறது போற திசைய அச்சா வச்சு, அது நீளமான புல்லட் கவிழாம இருக்கத்தான். உருண்டைக்கு கவிழ்றதே கிடையாது. நமக்கு வேண்டியது ஹாப்-அப் (பக்கிங்கை பிபி மேல அழுத்துற அமைப்பு) குடுக்குற பின்பக்க சுழற்சி, அதுதான் பிபிய மேல தாங்கிப் பிடிக்குது.

கே: ஹாப் சரியா வச்சும் எல்லா ஷாட்டும் வலப்பக்கமா வளையுது.

ப: பக்கிங் திரும்பியிருக்கு, இல்ல நப் (பக்கிங்கை மேலிருந்து அழுத்துற சின்ன துண்டு) ஒரு பக்கமா அழுத்துது, இல்ல நீங்க கன்னை சாய்ச்சுப் பிடிக்கிறீங்க. சுழற்சி அச்சு சாய்ஞ்சா மேல தூக்க வேண்டிய விசை பக்கத்துக்கு இழுக்கும். 1700கள்லயே பெஞ்சமின் ராபின்ஸ்ங்கிற இங்கிலாந்து கணித அறிஞர் மஸ்கட்ங்கிற பழைய துப்பாக்கியோட பேரலை இடப்பக்கமா வளைச்சு சுட்டுப் பாத்திருக்கார், குண்டு இடப்பக்கம் கிளம்பி அப்புறம் வலப்பக்கமா திரும்பியிருக்கு, உள்ள உருண்டதுல வந்த சுழற்சிதான் காரணம்னு சொன்னதும் அவர்தான். நூறு வருஷம் கழிச்சு வந்த மேக்னஸ்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி பேர்தான் அந்த விசைக்கு நிலைச்சுது, ராபின்ஸை யாரும் சொல்றதில்ல, எனக்கு அதுல வருத்தம் உண்டு. பக்கிங்கை கழட்டி நேரா மாட்டுங்க. சிலிகான் ஆயில் அதுல படவே கூடாது, பிடி போயிடும்.

கே: 0.40 போட்டேன், ஹாப்பை ஃபுல்லா திருப்பியும் விழுது.

ப: உங்க பக்கிங்கால அந்த வெயிட்டுக்கு தேவையான சுழற்சிய குடுக்க முடியல. 0.32க்கு இறங்குங்க, இல்ல ஃப்ளாட் ஹாப், ஆர்-ஹாப் மாதிரி தொடுற பரப்பு கூடின செட்டப்புக்கு போங்க. எத்தனை ஜூல்னு நீங்களும் எழுதல.

கே: கீழ விழுந்த பிபிய கழுவி திரும்ப போடலாமா?

ப: கூடாது. ஒரு மணல் துகள் போதும், பேரல்ல கோடு விழுந்துடும்.