கூலிங் டவர் புகையும் மூன்று வார இருமலும்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் தாமான் (குடியிருப்பு) வீட்டில் இருக்கிறோம். வேலிக்கு அந்தப்பக்கம் கையுறைத் தொழிற்சாலை. அதன் கூலிங் டவரிலிருந்து விடிகாலையில் வெள்ளைப் புகை கிளம்புகிறது. என் கணவருக்கு 58 வயது. இனிப்புநீர் உண்டு, சிகரெட்டும் விடவில்லை. குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறார், அந்த டவரைக் கழுவுவதும் அவர்தான். மூன்று வாரமாக இருமல். புகைதான் காரணமா? துணியை வெளியே காயப்போடலாமா?

பதில்: துணியைத் தாராளமாகக் காயப்போடுங்கள், அம்மா. நீங்கள் பார்ப்பது புகையே இல்லை. டவருக்குள் சூடான தண்ணீரை மேலிருந்து தூவி, விசிறியால் காற்றை இழுக்கிறார்கள். கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிப் போக, மிச்சம் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்குதான். வெயில் ஏறினால் அந்த வெள்ளை மறைந்துவிடும். செம்பனை ஆலைக் கொதிகலனில் நாரும் ஓடும் எரிந்து வரும் கரும்புகை வேறு சங்கதி, அது நெஞ்சுக்கு ஆகாது.

என் கவலை கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளைப் பற்றியது. டவர் சரியாகப் பராமரிக்கப்படாமல் பாசியும் படிவும் சேர்ந்தால், அந்தத் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். 20 முதல் 45 டிகிரி வரை அதற்குத் தோது. நம் ஊர்ச் சூட்டில் டவர் தண்ணீர் வருடம் முழுக்க அந்த அளவில்தான் நிற்கும். துளியோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியா வரலாம். பிரான்சின் வடக்கே 2003 கடைசியில் ஒரு ஆலையின் டவரிலிருந்து இப்படிப் பரவி 86 பேர் நோயுற்றார்கள், 18 பேர் இறந்தார்கள். ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்கும் வந்தது. நடுவில் டவரை நிறுத்தி, உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். அப்போது நோயாளிகள் இரண்டாம் முறை அதிகரித்தார்கள். அதனால்தான் வேலிக்கு இந்தப்பக்கம் இருக்கும் உங்களைவிட, உள்ளே போய்க் கழுவும் அவரை நினைத்துக் கவலைப்படுகிறேன். முதலில் கிருமிநாசினி ஓடவிட்டு, விசிறியை நிறுத்தி, அப்புறம்தான் கழுவ வேண்டும். என்95 முகக்கவசம் கட்டாயம்; கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதாது.

சரி, இந்த இருமல்? லெஜியோனெல்லா, மூச்சில் போன பிறகு பெரும்பாலும் இரண்டு நாளிலிருந்து பத்து நாளைக்குள் கடும் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆளைச் சாய்த்துவிடும். காய்ச்சல் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. இனிப்புநீர்க்காரருக்கு மூன்று வாரம் இருமல் என்றால் காசநோயைத்தான் முதலில் பார்ப்பேன். லெஜியோனெல்லா ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. காசநோய் வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கேளுங்கள். பிரஷருக்கு பெரின்டோப்ரில் சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், அந்த மாத்திரையே சிலருக்கு வறட்டு இருமல் தரும். சிகரெட்டைப் பற்றி அவரிடம் நான் நேரில் பேசிக்கொள்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள், வெளியே விடும் நீர் 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. குளோரினுக்கும் வரம்பு உண்டு. தொழிற்சாலைக் கால்வாயில் ஆவி பறக்கத் தண்ணீர் ஓடினால் படம் எடுத்து ஜபாத்தான் ஆலாம் செக்கிதாரில் (சுற்றுச்சூழல் துறையில்) புகார் கொடுங்கள். பிள்ளைகளை அங்கே மீன் பிடிக்க விடாதீர்கள்.

டவர் கழுவிய இரண்டு வாரத்துக்குள் அவருக்குக் குளிர் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இங்கே காய்ச்சல் என்றதும் டெங்கியையும் எலிக்காய்ச்சலையும்தான் முதலில் நினைப்பார்கள், அது நியாயமும்கூட. ‘கூலிங் டவர் கழுவுகிறவர்’ என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொன்னால் லெஜியோனெல்லாவைக் கண்டுபிடிக்கச் சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். அமோக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து இந்தக் கிருமிக்குப் பலிக்காது, அசித்ரோமைசினோ லீவோஃப்ளாக்சசினோதான் வேண்டும்.