சிலிண்டரைக் குசினிக்கு வெளியே மாற்றுவது: வன்னி வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரம் எல்லாம் காஸ் இணைப்பு வேலை செய்கிறேன். வன்னியில் வீட்டுக்குக் குழாயில் வரும் காஸும் இல்லை, அதை அளக்க மீட்டரும் இல்லை. எங்களுக்கு எல்லாம் சிலிண்டர்தான். அண்மையில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், அடுப்புக்குக் கீழே நிற்கும் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்து மறுபடி இணைப்பது பற்றியவை. அவற்றோடு சேர்ந்து வந்தவற்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

முள்ளியவளையிலிருந்து ஒரு அக்கா: வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, குசினி சின்னது. 12.5 கிலோ சிலிண்டரை வெளியே வைக்கப் போகிறோம். சுவரில் ஓட்டை போட்டு ஹோஸை அப்படியே விடலாம் என்று மேசன் சொல்கிறார். விடலாமா?

வெளியே வைப்பது நல்ல முடிவு அக்கா. ஆனால் ஹோஸைச் சுவருக்குள்ளால் விட வேண்டாம். சுவருக்குள் இருக்கும் ஹோஸை யாரும் திரும்பிப் பார்க்க முடியாது. சீமெந்து விளிம்பில் அது உரசும், எலி கடிக்கும், வெடித்துப் போனாலும் தெரியாது. நெல்லும் அரிசியும் வைத்திருக்கும் வீடுகளில் எலி கடித்த ஹோஸை நான் பலமுறை கழற்றியிருக்கிறேன்.

சுவரைக் கடக்கும் துண்டு செப்புக் குழாயாக இருக்கட்டும். சாதாரண இரண்டு அடுப்புக்கு, மூன்று நான்கு மீற்றர் தூரம் என்றால் 10 மில்லிமீற்றர் குழாய் போதும். செம்பு சீமெந்தில் நேரடியாகப் படக்கூடாது. அதனால் முதலில் ஒரு பீவீசீ குழாய்த் துண்டைச் சுவரில் பதித்து, செப்புக் குழாயை அதற்குள்ளால் விடுங்கள். அந்தப் பீவீசீயின் வீட்டுப் பக்க வாயை அடைத்து, வெளிப்பக்க வாயைத் திறந்தபடி விட வேண்டும். உள்ளே எப்போதாவது காஸ் ஒழுகினால் அது வீட்டுக்குள் வராமல் வெளியே போகும். சுவருக்குள் எந்த இணைப்பும் வரக்கூடாது, ஒரே முழுக் குழாய்தான். குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் ஒரு வால்வு போடுங்கள். அங்கிருந்து அடுப்பு வரை மட்டும் ஹோஸ், அதுவும் ஒன்றரை மீற்றருக்கு மேல் வேண்டாம்.

விசுவமடுவிலிருந்து ஒரு ஐயா: பின்பக்கம் கிணற்றடியில் நிழல் நன்றாக இருக்கிறது. சிலிண்டரை அங்கே வைக்கலாமா?

வேண்டாம் ஐயா, தயவுசெய்து வேண்டாம். சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் காற்றை விட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. ஒழுகினால் மேலே போகாது, தண்ணீர் போலத் தரையில் படிந்து பள்ளம் தேடி ஓடும். எங்கள் வளவுகளில் பெரிய பள்ளம் கிணறுதான். கட்டு இல்லாத கிணறாக இருந்தால் இன்னும் மோசம். கிணற்றுக்குள் இறங்கிய காஸ் காற்றோடு கலைந்து போகாமல் அங்கேயே கிடக்கும். கிணறு இறைக்க இறங்குபவரோ, பம்ப் சுவிட்சைப் போடுபவரோ அதை அறியமாட்டார். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும்.

இதே காரணத்துக்காக மலசலகூடக் குழி, கழிவு வாய்க்கால், தரைமட்டத்தில் உள்ள யன்னல் எல்லாவற்றையும் நான் தவிர்ப்பேன். குழிக்கும் வாய்க்காலுக்கும் இரண்டு மீற்றராவது தள்ளி வைப்பது என் வழக்கம். கிணறு என்றால் அதை விடவும் தள்ளி. சுவரோரமாக ஒரு சீமெந்துத் தட்டு போட்டு, முற்றத்தை விட நாலு அங்குலம் உயர்த்தி, சிலிண்டரை நேராக நிறுத்திச் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். மாரி மழைக்கு முற்றத்தில் வெள்ளம் நின்றாலும் அடி கறள் பிடிக்காது. மேலே ஒரு தகரம் போடலாம், ஆனால் நாலு பக்கமும் அடைத்த பெட்டி கட்ட வேண்டாம். பெட்டிதான் வேண்டும் என்றால் கீழ்ப்பகுதியில் பெரிய துவாரங்கள் விடுங்கள். மேலே விட்டுப் பிரயோசனம் இல்லை.

வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சி: இங்கே வெயில் கொதிக்கிறது. வெளியே வைத்தால் சிலிண்டர் வெடிக்காதா? 2021 இல் வீடுகளில் காஸ் வெடித்ததாக வந்த செய்திகளுக்குப் பிறகு அம்மாவுக்குப் பயம்.

பயப்பட்டதில் பிழையில்லை தங்கச்சி. அந்த வருடக் கடைசியில் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் பற்றித்தான் நாடு முழுக்கப் பேச்சு. 30 பாகை வெப்பத்தில் பியூட்டேன் மட்டும் என்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் 2 பார் அளவு, புரொப்பேன் மட்டும் என்றால் 10 பாருக்குக் கிட்ட. கலவையில் புரொப்பேன் கூடக்கூட ரெகுலேட்டருக்கும் வாஷருக்கும் சுமை கூடும். சிலிண்டர் உருக்கு அதையெல்லாம் தாங்கும்படி செய்தது. முதலில் பலவீனமாவது பழைய ஹோஸும் தேய்ந்த வாஷரும்தான். வெளியே நிழலில், காற்றோட்டமாக வைத்தால் குசினிக்குள் அடைத்து வைத்ததை விட நிச்சயம் நல்லது. மேற்கு வெயில் நேரே படும் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி: செப்புக் குழாய் நட்டில் வெள்ளை டேப் சுற்றினேன், அப்படியும் ஒழுகுகிறது. இன்னும் சுற்றவா?

சுற்றியதை முழுக்க எடு தம்பி. குழாய் நுனியைப் புனல் போல விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பில் செம்பு வாய்தான் பித்தளைக் கூம்போடு ஒட்டி அடைக்கிறது. அங்கே மரைக்கு வேலை இறுக்குவது மட்டும். டேப் சுற்றினால் நட் சரியாக இறங்காது, வாய் ஒட்டாது. குழாயை அரத்தால் அறுத்திருந்தால் பிசிறு இருக்கும். குழாய் வெட்டும் கருவியால் புதிதாக வெட்டி, உள்விளிம்பைச் சீவி, மறுபடி விரி. விரித்த வாயில் வெடிப்போ கீறலோ இருந்தால் அந்த நுனியை வெட்டி எறி. ஏசி, பிரிட்ஜ் திருத்துபவர்களிடம் இந்தக் கருவி இருக்கும். டேப் வேண்டியது கூம்பு வடிவ மரையுள்ள இரும்பு, பித்தளை இணைப்புக்கு. அதற்கும் தண்ணீர்க் குழாய் டேப் இல்லை, காஸுக்கு உரிய தடித்த டேப்.

மல்லாவியிலிருந்து ஒரு அண்ணா: கடையில் தண்ணீர் ஹோஸ் மலிவு. கிளிப் போட்டு இறுக்கினால் போதாதா?

போதாது அண்ணா. இந்தக் காஸ் சாதாரண றப்பரையும் பிளாஸ்டிக்கையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். காஸுக்கென்று எழுதியிருக்கும் ஹோஸை வாங்கி, இரண்டு வருடத்தில் மாற்றுங்கள். ரெகுலேட்டரை ஐந்து வருடத்தில். வாங்கிய மாதத்தை ஹோஸில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

துணுக்காயிலிருந்து ஒருவர்: எல்லாம் மாற்றி முடித்தோம். தீக்குச்சி காட்டிப் பார்த்தோம், ஒழுக்கு இல்லை. சரிதானே?

இனி ஒருபோதும் தீக்குச்சி காட்டாதீர்கள். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, சின்னத் தூரிகையால் பூசுங்கள். அடுப்புத் திருகுகள் மூடியிருக்க வேண்டும், சிலிண்டரும் வால்வும் திறந்திருக்க வேண்டும். சிலிண்டர் வாய், ரெகுலேட்டர், ஹோஸின் இரண்டு முனை, ஒவ்வொரு நட், வால்வின் தண்டு, அடுப்பு நுழைவாய், எல்லா இடத்திலும் ஒரு நிமிடமாவது நின்று பாருங்கள். சின்ன ஒழுக்கு உடனே குமிழி விடாது, மெதுவாக நுரை கட்டும். அவசரத்தில் பூசிவிட்டுப் போகிறவர் தவறவிடுவது அதைத்தான். ஒவ்வொரு தடவை சிலிண்டர் மாற்றும்போதும் சிலிண்டர் வாயை மட்டுமாவது பாருங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு அக்கா: வெளியே மாற்றிய பிறகு நெருப்பு சின்னதாக எரிகிறது, கொஞ்சம் மஞ்சளாகவும் இருக்கிறது.

இரண்டும் வேறு வேறு அக்கா. சின்னதாக எரிந்தால் வால்வு முழுதாகத் திறக்காமல் இருக்கும், குழாய் எங்காவது நசுங்கியிருக்கும், அல்லது ரெகுலேட்டர் பழுது. மஞ்சள் என்றால் அடுப்புக்குக் காற்றுப் போதவில்லை. பர்னருக்குக் கீழே காற்று வாயைப் பாருங்கள், சிலந்தியோ குளவியோ கூடு கட்டியிருக்கும். சிலிண்டர் மாற்றும் வேலை நடந்த நாட்களில் அடுப்பு சும்மா கிடந்திருந்தால் இது நிச்சயம் பார்க்க வேண்டிய இடம். காஸ் முடியப்போகிறது என்று சிலிண்டரைச் சரித்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சரித்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் வரும். ஒரு லீற்றர் திரவம் ஏறக்குறைய 250 லீற்றர் காஸாக விரியும், நெருப்பு முகத்துக்கு எழும்பும்.

பரந்தனிலிருந்து ஒரு தம்பி: லண்டனில் அக்கா வீட்டில் குசினியைப் பெருப்பிக்கிறார்கள். காஸ் மீட்டர் இடைஞ்சல். அத்தான் தானே கழற்றி வெளியே வைக்கலாம் என்கிறார். அவர்களுடைய பழைய குக்கரை எங்களுக்கு அனுப்பவும் போகிறார்கள்.

அத்தானைத் தொட வேண்டாம் என்று சொல் தம்பி. அங்கே மீட்டர் வீட்டுக்காரருடைய சொத்து இல்லை. அதை இடம் மாற்ற காஸ் விற்கும் நிறுவனத்தையோ, தெருக்குழாயை வைத்திருக்கும் நிறுவனத்தையோதான் கேட்க வேண்டும். மீட்டருக்குப் பிறகு வரும் குழாயைக் கூட காஸ் சேஃப் (அங்கே காஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) பதிவு உள்ளவர்தான் மறுபடி இணைக்கலாம். மீட்டர் தள்ளிப் போனால் குழாய் நீளும். மீட்டரிலிருந்து அடுப்பு வரை அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக்கூடாது என்பது அங்கே கணக்கு. அதனால் முன்பு போதுமாக இருந்த 22 மில்லிமீற்றர் குழாயை 28 ஆக்க வேண்டியும் வரலாம். மீட்டருக்குக் கிட்டக் குழாயில் கட்டியிருக்கும் பச்சை மஞ்சள் எர்த் வயரும் புது இடத்தில் திரும்ப வர வேண்டும்.

குக்கர் விஷயம் உங்கள் வீட்டு ஆபத்து, கவனி. அங்கே வருவது மீதேன், அழுத்தம் 20 மில்லிபார் அளவு. எங்களுடையது ரெகுலேட்டரைத் தாண்டி வரும்போது 30 மில்லிபார் அளவு, எரிசக்தியும் கூடியது. அந்தக் குக்கரின் ஜெட், அதாவது பர்னருக்குக் காஸ் வரும் துவாரம், பெரிது. அப்படியே சிலிண்டரில் பூட்டினால் நெருப்பு உயர்ந்து கரி கக்கும். சிலிண்டர் காஸுக்கு உரிய சின்ன ஜெட்டுகளையும் சேர்த்து அனுப்பச் சொல். அந்த மாதிரிக்கு அப்படி ஜெட் கிடைக்காவிட்டால் குக்கரை அங்கேயே யாருக்காவது கொடுக்கச் சொல்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அம்மா: இரவில் காஸ் மணத்தால் முதலில் என்ன செய்வது? வீட்டில் நானும் பேரப்பிள்ளையும்தான்.

லைட்டைப் போட வேண்டாம் அம்மா, எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் வரும் பொறி போதும். மின்விசிறியும் அப்படித்தான். சாமி விளக்கு எரியும் அறையில் காஸ் வந்திருந்தால் அங்கே போகாமல் பிள்ளையோடு நேரே வெளியேறுங்கள். வழியில் உள்ள கதவுகளை அகலத் திறந்துவிடுங்கள். சிலிண்டர் வெளியே இருந்தால் வீட்டுக்குள் போகாமலே ரெகுலேட்டரை மூடலாம். போனை முற்றத்துக்கு அப்பால் நின்று எடுங்கள். மணம் போனாலும் உடனே திரும்ப வேண்டாம். காஸ் தரையில் கிடக்கும், நின்றபடி மணந்தால் தெரியாது. அரை மணித்தியாலமாவது கதவுகள் திறந்திருக்கட்டும். அப்புறம் ஒருவரைக் கூப்பிட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பேரப்பிள்ளைக்கும் ஒருமுறை பகலில் செய்து காட்டுங்கள், ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அவன் கையாலேயே.