இங்கிலாந்தில் ஃபெரட்டையும் நாயையும் கொண்டு முயல் பிடிப்பது எப்படி?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது, புதரடியில் படுத்துக்கொள்ளும். ஐரோப்பியக் குழிமுயலோ பல வாய்களுள்ள வளைகளில் கூட்டமாக வாழ்வது. இந்த வேட்டை முழுவதும் அந்த வளையை நம்பியே நடக்கிறது.

ஃபெரட் என்பது நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, கீரியைப் போல் மெலிந்து நீண்ட வளர்ப்பு விலங்கு. செடிகொடிகள் பட்டுப்போய் வளைவாய்கள் கண்ணுக்குத் தெரியும் குளிர்காலத்தில்தான், பெரும்பாலும் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே, வேட்டைக்குச் செல்கிறார்கள். பழகிய விப்பெட் அல்லது லர்ச்சர் நாய் ஒவ்வொரு வாயாக மோந்து, உள்ளே முயல் இருக்கும் வளையருகே அசையாமல் நின்று காட்டும். பிறகு பேச்சையும் காலடி ஓசையையும் அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாயின் மேலும் சுருக்குப்பை போன்ற வலையை விரித்து, அதன் கயிற்றை முளையடித்து நிறுத்துவார்கள். முயலை வெளியே விரட்ட ஃபெரட்டை வளைக்குள் விட்டதும் சற்று நேரம் அமைதி. அடுத்து மண்ணுக்கடியில் திடும் திடுமென்று ஓசை கேட்கும், முயல் பாய்ந்து வரும் வேகத்திலேயே வலை இறுகிக்கொள்ளும். கண்ணில் படாத வாய் வழியே தப்பியதை நாய் துரத்தும்.

ஃபெரட் உள்ளேயே முயலைக் கொன்று தின்று உறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே அதன் கழுத்துப் பட்டையில் சிறு அலைபரப்பியைப் பொருத்தி, இடத்தையும் ஆழத்தையும் மேலிருந்து கருவியால் அறிந்து, மண்வெட்டியால் தோண்டி மீட்கிறார்கள். அந்தப் பட்டையின்றி அதை உள்ளே விடுவது அவ்வுயிருக்குச் செய்யும் தீங்கு என்றே கருதுகிறேன்.

நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தாலும், நில உரிமையாளரின் அனுமதியோடு முயல் பிடிப்பதற்கு அதில் விலக்கு உண்டு.